டாக்டர் மாரியன் ஸிம்ஸ்

மகளிர் நோய்க்குச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகளில் ஒரு கருவி உண்டு. இரு முனையிலும் வாத்தின் அலகுபோல் வளைந்து, நடுவே பிடியுடன் அமைந்த உலோகக் கருவி அது. அதற்கு ஸிம்ஸ் கருவி என்று பெயர். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்கும் கிடை ஒன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. செவிலிப் பயிற்சி பெற்றுவரும் எம் தமக்கையார் விடுமுறையில் வீட்டிற்கு வந்தபோது இவ்விரண்டையும் சொல்லி, ஸிம்ஸ் என்பவர் யார் என்று தம் வகுப்பில் எவரும் கேட்டதில்லை என்றும் கூறினார். யாம் கேட்டோம், தேடியும் படித்தோம். மகளிர் மருத்துவத்தின் தந்தையென ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போற்றப்பெற்ற அப்பெரியாரின் வாழ்க்கை, யாம் எதிர்பார்த்தவாறு நேரிய பெருமை உடையதாக இல்லை. ஆயினும் அதனைச் சொல்லாது விடுதல் தகாது என்று எமக்குத் தோன்றியது.

ஜேம்ஸ் மாரியன் ஸிம்ஸ் 1813ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியாகிய தென் கரோலினாவில், லங்காஸ்டர் என்னும் வட்டாரத்தில் பிறந்தார். செல்வக் குடும்பம் அன்று. தந்தையார் மகனை வழக்கறிஞனாக்க விரும்பினார்; தாயார் குருவானவராகக் காண விரும்பினார். மகனோ இரண்டிற்கும் தாம் தகுதியற்றவர் என்று தாமே முடிவு செய்துகொண்டு, வேறு வழியின்மையால் மருத்துவம் கற்கப் புகுந்தார். அந்நாளில் மருத்துவத் தொழிலுக்குப் பெருமதிப்பில்லை. தந்தையார் மனம் வெறுத்தார் என்று ஸிம்ஸே தம் சுயசரிதையில் எழுதுகின்றார். சார்ல்ஸ்டனிலும் பின்னர்ப் பிலடெல்பியாவிலும் பயின்று 1835இல் பட்டம் பெற்றார்.

ஊர் திரும்பிப் பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்தவருக்கு முதலில் வந்த நோயாளிகள் இருவரும் கைக்குழந்தைகள். இருவரும் இறந்தனர். இளைஞர் பெயர்ப்பலகையைக் கழற்றி ஒரு பாழ்ங்கிணற்றில் எறிந்துவிட்டு மேற்கே அலபாமா நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது அவர்மீது எமக்கு அன்பே பிறந்தது. இரு சிசுக்களின் மரணத்தைத் தாங்கமாட்டாது தொழிலையே விடத் துணிந்த ஒருவர், பின்னாளில் செய்தவற்றை எங்ஙனம் தாங்கினார் என்னும் வினாவும் உடன் எழுந்தது.

1840ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அலபாமாவிலுள்ள மான்ட்கமரி நகரில் குடியேறினார். மாறுகண், பிளந்த உதடு, கோணற்கால் முதலியவற்றை அறுவையால் திருத்துவதில் விரைவிலேயே பெயர் பெற்றார். அங்கே பருத்தித் தோட்டங்கள் மிகுதி. தோட்டமெங்கும் ஆப்பிரிக்க மரபினரான அடிமைகள் உழைத்தனர். அடிமை நோயுற்றால் மருத்துவரை அழைப்பவரும் கூலி கொடுப்பவரும் எசமானரே. நோயாளி என்பவன் ஒருவனாகவும் மருத்துவர் கடமைப்பட்டது மற்றொருவருக்காகவும் இருந்த இந்த ஏற்பாட்டினை மனத்தில் இருத்திக்கொண்டே இனி வருவதனைப் படித்தல் வேண்டும். அடிமைப் பெண் பெறும் குழந்தையும் எசமானரின் உடைமையே ஆதலால், அவளுடைய கருப்பை அவருக்கு ஒரு முதலீடாகவும் இருந்தது.

வியப்பு என்னவெனில், மகளிர் நோய்களைப் பார்ப்பதில் ஸிம்ஸுக்கு அதுவரை அருவருப்பே இருந்தது. அத்தகைய நோயாளிகள் வந்தால் வேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுவாராம். 1845ஆம் ஆண்டு நகருக்கருகே வெஸ்ட்காட் என்பவரின் தோட்டத்திற்கு அழைக்கப்பெற்றார். அனார்க்கா என்னும் பதினேழு வயது அடிமைப் பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்தாள். ஸிம்ஸ் இடுக்கியிட்டுக் குழந்தையை எடுத்தார். சில நாட்களில் அவளுக்கு அடக்கவொண்ணாது சிறுநீர் ஒழுகத் தொடங்கிற்று.

இந்நோய் எவ்வாறு உண்டாகிறதென்பதை ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். பிரசவம் தடைப்பட்டு நாட்கணக்கில் நீளும்போது, குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்போடு அழுந்தி நிற்கிறது. இடையில் அகப்பட்ட மெல்லிய தசைக்கு இரத்தவோட்டம் நின்று அது அழுகி உதிர்கிறது. பிறப்புறுப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலுள்ள சுவரில் துளை விழுகிறது. சிலருக்கு மலக்குடலின் பக்கமும் விழுவதுண்டு. அனார்க்காவுக்கு இரண்டும் நேர்ந்தன. இரவும் பகலும் ஈரம், தோல் புண்ணாகும், நாற்றம் காரணமாக உடனிருப்போர் விலகுவர். உயிர் போவதில்லை, ஆனால் மனிதரோடு மனிதராய் வாழவும் முடிவதில்லை. அக்காலத்தில் இதற்கு உறுதியான சிகிச்சை கிடையாது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் தெற்காசியாவிலும் ஏழைத் தாய்மார் பலர் இதனால் துன்புறுதல் இன்றும் ஓயவில்லை.

அனார்க்காவுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றே ஸிம்ஸ் எசமானரிடம் முதலில் கூறினார். பின்னர் இதே துன்பத்துடன் பெட்ஸி, லூஸி என்னும் வேறிரு அடிமைப் பெண்களை அவர்தம் எசமானர்கள் அனுப்பினர். அவர்களையும் திருப்பி அனுப்ப அவர் எண்ணியிருந்த வேளையில், மட்டக்குதிரையிலிருந்து விழுந்த ஒரு வெள்ளையர் வீட்டம்மையாரைப் பார்க்க அவசரமாகச் செல்ல நேர்ந்தது. கருப்பை இடம் பெயர்ந்த அவ்வம்மையாரை முழங்காலும் முழங்கையும் ஊன்றி நிற்கச் செய்து சரிப்படுத்தியபோது, காற்று உட்புகுந்து உட்சுவர் விரிவதனை ஸிம்ஸ் கண்டார். அந்தக் கணத்தில் அவருக்கு மின்னல்போல் ஓர் எண்ணம் எழுந்தது. வழியிலுள்ள கடையில் ஈயக்கலப்பாலான கரண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். ஊர் திரும்பக் காத்திருந்த அப்பெண்களுள் ஒருத்தியை அதே நிலையில் நிறுத்திக் கரண்டியின் காம்பை வளைத்து உட்செலுத்தி நோக்கினார். அதுகாறும் தாம் தெளிவாகக் காணாத அத்துளை, பகலொளியில் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கரண்டியே இன்றைய ஸிம்ஸ் கருவியின் தாய். இதில் அவருடைய நுண்ணறிவை யாரும் மறுக்கவொண்ணாது.

உடனே எசமானர்களிடம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். பெண்களைத் தம் வீட்டுக் கொல்லையில் கட்டிய சிறு ஆஸ்பத்திரியில் வைத்துத் தம் செலவில் உணவளிப்பதாகவும், சிகிச்சைக்குக் கூலி வேண்டாமென்றும், உடையும் அடிமைவரியும் மட்டும் எசமானர் கொடுத்தால் போதுமென்றும், உயிருக்கு அபாயமான சோதனை செய்வதில்லையென்றும் வாக்களித்தார். இவ்வுடன்படிக்கை இரு திறத்தாரிடையே நிகழ்ந்தது. அவ்விரு திறத்துள் அப்பெண்கள் இல்லை. அவர்களும் விரும்பியே உடன்பட்டனர் என்று ஸிம்ஸ் பின்னாளில் எழுதினார். விரும்பியுமிருக்கலாம், அத்தகைய நோயினின்று விடுதலை வேண்டாதவர் யார்? ஆனால் மறுக்கும் உரிமை இல்லாதவர் கூறும் சம்மதத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது எமக்கு விளங்கவில்லை. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பித்தலையே குற்றமாக்கி 1832இல் சட்டம் இயற்றிய நாடு அலபாமா. ஆதலின் அம்மூவரும் கைப்பட எழுதிய ஓர் எழுத்தேனும் நமக்குக் கிடைத்திலது. எழுதப்பட்டவற்றையே பற்றி நின்று ஆராயப் பழகிய எம்போன்ற மொழி மாணவர்க்கு இஃது ஒரு பெருங்குறையாகப் பட்டது. அவர்களைப்பற்றி யாம் அறிந்தவையெல்லாம் கத்தி பிடித்தவர் எழுதிய ஏடுகளால் அறிந்தவையே.

முதல் அறுவை லூஸிக்கு நடந்தது. மருத்துவர்கள் ஏறக்குறையப் பன்னிருவர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தனர். அவள் மேசைமேல் முழங்காலிட்டுக் குனிந்திருக்க, ஏறத்தாழ ஒருமணி நேரம் தைத்தார்கள். மயக்க மருந்து அக்காலம் வழக்கத்தில் இல்லை. சிறுநீரை உறிஞ்சுதற்பொருட்டு உள்ளே கடற்பஞ்சொன்றை வைத்தனர். அது காய்ந்து இறுகித் தசையோடு ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் கண்டு, இரத்தத்தில் நஞ்சேறி, அவள் இறந்துவிடுவாள் என்றே ஸிம்ஸ் அஞ்சினார். அந்தப் பஞ்சைப் பிய்த்தெடுத்த வேளையில் அவள் பட்ட வேதனை அளவு கடந்ததென்று அவரே எழுதியுள்ளார். அவள் தேறி எழுந்திருக்க இரண்டு மூன்று திங்கள் ஆயின. துளையும் முற்றாக அடையவில்லை.

இவ்வாறு ஏறக்குறைய நான்காண்டுகள் கழிந்தன. அடிமைப் பெண்கள் பன்னிருவர் அளவில் அக்கொல்லைப்புற ஆஸ்பத்திரியில் இருந்தனர். பலன் காணாமையால் வேடிக்கை பார்க்க வந்த மருத்துவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர்; கை கொடுப்பார் எவருமிலர். அப்போது ஸிம்ஸ் அப்பெண்களையே உதவியாளராகப் பழக்கினார். ஒருத்திக்கு அறுவை நடக்கையில் மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கருவியை எடுத்துத் தந்தார்கள். பின்னர்ப் புண்ணையும் பேணினார்கள். அடுத்த வாரம் மேசைமேல் இருப்பவள் தானே என்பதனை ஒவ்வொருத்தியும் அறிந்திருந்தாள். அந்நாட்டில் இவ்வறுவையைப் பற்றி அவர்களைவிட அதிகம் அறிந்தவர் ஸிம்ஸ் ஒருவரே. இதனை நினையுந்தோறும் எம் உள்ளம் அங்கேயே நின்றுவிடுகின்றது.

ஸிம்ஸின் மைத்துனரும் ஒரு மருத்துவர். அவர் ஒருநாள் வந்து, இம்முயற்சியைக் கைவிடும்படி வேண்டினார். ஸிம்ஸ் தம் உடல்நலத்தையும் பொருளையும் அழித்து, மனைவி மக்களுக்கு அநீதி செய்கிறார் என்பது அவர் கூறிய காரணம். அநீதி என்ற சொல் அவ்வீட்டில் வழங்கப்பெற்றது. கொல்லையில் இருந்த பெண்களைக் குறித்து வழங்கப்பெறவில்லை. ஸிம்ஸ் மறுத்துவிட்டார். பட்டுநூல் தையல் சீழ் கோப்பதைக் கண்டு, உள்ளூர்ப் பொற்கொல்லரைக் கொண்டு மெல்லிய வெள்ளிக்கம்பி செய்வித்தார். 1849ஆம் ஆண்டு கோடையில் அனார்க்காவின்மீது அக்கம்பியால் தைத்தார். ஒரு வாரம் கழித்து நோக்கும்போது சிறுநீரில் கலங்கலில்லை, தையல் நின்றது, துளை மூடிக்கொண்டது. அவளுக்கு அது முப்பதாம் அறுவை. லூஸியும் பெட்ஸியும் விரைவிற் குணமடைந்தனர் என்று ஸிம்ஸ் எழுதுகிறார். 1852இல் தம் முறையை ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட, உலகெங்கும் அவர் பெயர் பரவிற்று.

இனி, இவ்வரலாற்றின் நடுவே மருத்துவ உலகில் நிகழ்ந்த வேறொன்றைக் காண்போம். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரின் பொது ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்பவர் ஈத்தர் ஆவியால் ஒருவரை மயக்கி வலியின்றி அறுவை நிகழச் செய்தார். 1847 ஏப்ரலில் மகாகவி லாங்பெல்லோவின் மனைவியார் ஈத்தரின் துணையால் மகளைப் பெற்றார். அமெரிக்காவில் அவ்வாறு பெற்ற முதற்பெண் அவரே. அவ்வாண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் ஸிம்ப்ஸன் குளோரோபாரத்தை வழக்கிற்குக் கொண்டுவந்தார். வேதனையுடன் பிள்ளை பெறுதல் ஆதியாகமத்தில் ஏவாளுக்கு விதிக்கப்பெற்றதென்றும் அதனை நீக்குதல் பாவமென்றும் சிலர் முணுமுணுத்தபோது, ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் ஆண்டவர் அவனுக்கு அயர்ந்த நித்திரை வருவித்ததும் அதே ஆகமத்தில்தான் உள்ளது என்று ஸிம்ப்ஸன் விடையிறுத்தார். 1853இல் விக்டோரியா அரசியார் லியோபோல்டைப் பெற்றபோது ஜான் ஸ்நோ குளோரோபாரம் கொடுத்தபின் அவ்வாதம் ஓய்ந்தது. வேதனையைத் தணித்தல் அறமா அன்றா என்று கற்றோர் வாதித்த அதே ஆண்டுகளில்தான், கவியின் மனைவியாரினும் இளையளான அனார்க்கா மான்ட்கமரியில் மேசைமேல் முழங்காலிட்டிருந்தாள். அவள் பொருட்டு அவ்வாதம் எழவேயில்லை.

ஸிம்ஸை நோக்கி ஒரு நியாயமும் சொல்லவேண்டும். மயக்க மருந்து அன்று மிகப் புதிது, அபாயமும் உடையது. 1848 சனவரியில் இங்கிலாந்தில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கால் நகத்தை எடுக்கக் கொடுத்த குளோரோபாரத்தால் மாண்டாள். அஞ்சி ஒதுங்கிய மருத்துவர் பலர் உளர். இதே நோய்க்கு அறுவை செய்பவரும் அறிஞருமாகிய லூயிஸ் வால் என்பார், அந்நோயின் கொடுமையை அறிந்தவர் ஸிம்ஸை எளிதிற் பழிக்கமாட்டார் என்று வாதிக்கின்றார். இவ்வாதத்தை யாம் தள்ளிவிடவில்லை. ஆனால் 1857இல் நியூயார்க் மருத்துவக் கழகத்தில் ஆற்றிய பேருரையில் ஸிம்ஸ் கூறிய காரணம் அபாயம் மட்டுமன்று. அவ்வறுவை மயக்க மருந்தின் தொல்லைக்கும் அபாயத்துக்கும் தகுந்த அளவு வேதனை தருவதன்று என்பதே அவர் சொன்னது. லூஸியின் வேதனை அளவு கடந்ததென்று எழுதியதும் அதே கைதான். ஒருவர் இரண்டையும் எங்ஙனம் எழுதக் கூடும்? இன்று எத்தியோப்பியாவின் தலைநகரில் 1974இல் ஹாம்லின் தம்பதியர் நிறுவிய ஆஸ்பத்திரியிலும் பிறவிடங்களிலும் இவ்வறுவையைச் செய்வோர், தண்டுவடத்தில் மரப்பூசியிட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழக்கச் செய்தே தொடங்குகின்றனர்.

அவருடைய காலத்தையும் மறத்தலாகாது. 1851இல் லூயிஸியானாவைச் சேர்ந்த கார்ட்ரைட் என்னும் மருத்துவர், கறுப்பினத்தார்க்கே உரியதென ஒரு நோயைக் கற்பித்து, அவர்தம் தோலுக்கு உணர்ச்சி குறைவென்று மருத்துவ ஏட்டில் எழுதினார். எசமானரை விட்டு ஓடுதலையும் ஒரு பித்தென்றே அவர் வகுத்தார். பிறர் படும் வேதனையை மறுக்கக் கற்ற கண், எதிரே முகம் சுளிப்பதைக் கண்டும் காணாதிருக்கும்.

எஞ்சிய வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவோம். உடல்நலம் குன்றியமையால் 1853இல் ஸிம்ஸ் நியூயார்க் சேர்ந்தார். 1855இல் அந்நகரின் சீமாட்டியர் துணைகொண்டு பெண்களுக்கெனத் தனி ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தார். ஆங்கும் முதலில் வந்தோர் பெரும்பாலும் ஏழைகள். அயர்லாந்திலிருந்து குடியேறிய பெண்கள் பலர். உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் ஐரோப்பாவிற் சென்று, அரச குடும்பங்களுக்கு மருத்துவம் செய்து, பிரெஞ்சுப் பேரரசி யூஜீனியையும் குணப்படுத்திப் பட்டமும் பதக்கமும் பெற்றார். 1876இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவரானார். இடையே 1874இல் தாம் நிறுவிய ஆஸ்பத்திரியின் நிருவாகத்தாரோடு பூசல் விளைந்தது. அறுவையைப் பார்க்க வருவோர் பதினைவருக்கு மேற்படலாகாதென்று அவர்கள் விதித்தனர். புற்றுநோயாளிகளைச் சேர்க்கவும் தடுத்தனர். ஸிம்ஸ் வெகுண்டு விலகினார். புற்றுநோயாளிகளுக்காக வழக்காடியது அவருக்குப் பெருமை. பார்வையாளரைக் குறைத்தலோ நோயாளியின் மானம் கருதியது. அதில் யாம் நிருவாகத்தார் பக்கமே நிற்போம். 1883 நவம்பர் 13ஆம் நாள் அவர் காலமானார். மறு ஆண்டு அவருடைய சுயசரிதை வெளிவந்தது.

1894இல் நியூயார்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை நாட்டினர். 1934இல் அதனை நடுப்பூங்காவின் ஓரத்தில், மருத்துவக் கழகத்தின் எதிரே நிறுவினர். அச்சிலை நின்ற பகுதியில் வாழ்ந்தோர் பலர் கறுப்பினத்தாரும் ஸ்பானிய மொழியாளருமாகிய ஏழைகள். அவர்களும் பிறரும் பல்லாண்டு முறையிட்டதன்பின், 2018 ஏப்ரல் 17ஆம் நாள் நகரத்தார் சிலையை அகற்றினர். வரலாற்றை அழிக்கலாமோ என்று வருந்தினோரும் உண்டு. எமக்குத் தோன்றுவது இது: அச்சிலை நின்ற காலத்திலும் அனார்க்காவின் பெயர் அதன் பீடத்தில் இருந்ததில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று நண்பர் எவரேனும் கருதலாம். 2016இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் வெள்ளை இனத்தவரான மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவருமாகிய இருநூற்றுக்கு மேற்பட்டோரை வினவியபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தாரின் உடலைப் பற்றிய பொய்க் கொள்கை ஒன்றையேனும் மெய்யென நம்பினர். அவர் தோல் தடிப்பானது என்பது அவற்றுள் ஒன்று. அத்தகையோர் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர் என்பதும் கண்டார்கள். 2023ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் கணக்கின்படி, ஒரு லட்சம் பிரசவத்திற்கு வெள்ளைத் தாய்மார் 14.5 பேரும் கறுப்புத் தாய்மார் 50.3 பேரும் இறந்தனர். எம்மையொத்த வயதினர் பலர் அம்மருத்துவப் பள்ளிகளில் இன்று பயில்கின்றனர்.

மான்ட்கமரி நகரில் 1939ஆம் ஆண்டு ஸிம்ஸுக்கு ஒரு சிலை வைத்தார்கள். அதே நகரில் 2021இல் மிஷெல் பிரவுடர் என்னும் கறுப்பினச் சிற்பி, கழித்துப் போட்ட உலோகத் துண்டுகளைப் பற்றவைத்து மூன்று பெண்ணுருவங்களை எழுப்பினார். அவற்றின் பெயர்கள் அனார்க்கா, பெட்ஸி, லூஸி. அக்கொல்லையில் அவர்களோடிருந்த மற்றப் பெண்களின் பெயர்களை ஸிம்ஸ் எழுதிவைக்கவில்லை.